பார்த்துப் போ என்று சொல்லாதவள்

அன்றைக்குக் கபடிக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஜெபா, ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த மினதி, தைத்து வந்ததில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நிற்கும் நான், அப்புறம் அவள். நான்கு பேருமே அவுட்டாகி வெளியே வந்தவர்கள். களத்துக்குள் எங்கள் பக்கம் மூன்று பேர்தான் மிச்சம். அந்த மூவரில் ஜெபாவின் தங்கை ரூபி, பாடிக்கொண்டே எதிரணியின் பக்கம் போயிருந்தாள்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பொங்கலுக்கு வைக்கிற பெண்கள் கபடி அது. பனியன் கம்பெனிக்கு ஓர் அணி என்று வருவார்கள். எங்கள் அணியில் வயதில் மூத்தவள் நான்தான். ஓடவும் வராது, தாவவும் வராது. ஏழாவது ஆள் கிடைக்காததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எதைக் கண்டாலும் பயப்படுகிறவள். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். போன் அடித்தாலே ஊரில் யாருக்கோ என்னவோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். என்னைப் போய்க் கபடிக்குக் கூப்பிட்டது அவள்தான். ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர், எங்கள் கேப்டன், என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவள்.

ரூபியின் கணுக்காலை ஒருத்தி பிடித்தாள். இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள். ரூபி குப்புற விழுந்து, கையை மட்டும் முன்னால் நீட்டியபடி ஊர்ந்தாள். மூச்சு விடாமல் அந்தக் கை நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் போதும், பிடித்தவர்கள்தான் அவுட். நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போகலாம்.

நானும் ஜெபாவும் மினதியும் ஒரே குரலில் கத்தினோம்: "ஐயோ, போச்சு! போச்சு!"

ரூபி மூச்சை விட்டுவிட்டாள். அதோடு ஆட்ட நேரமும் முடிந்தது. முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம்.

திரும்பி வருகையில் கம்பெனி வேனுக்குள் ஒரே சண்டை. ஜெபா தங்கையைப் பிடித்து உலுக்கினாள். "தின்னுததெல்லாம் எங்கட்டி போகுது? கைய நீட்டத் தெம்பு இல்லையோ?"

"நீங்கதான போச்சுன்னு கத்துனிய? சரி, போச்சு போலன்னு விட்டுட்டேன்," என்றாள் ரூபி, பல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் துப்பியபடி.

ஜன்னல் ஓரம் இருந்த அவள், எங்கள் கேப்டன், என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க்கா, ரூபி கையி எங்க இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேனே. கோட்டுக்கு ஒரு சாண்தான் இருந்துது."

"அதயச் சொல்லியிருக்கலாமில்லீங்க்கா," என்றாள். கோபமே இல்லை. விலை கேட்கிற மாதிரி ஒரு குரல். "அவ மூஞ்சி மண்ணுல கெடக்குது. அவளுக்கென்ன தெரியும்? வெளிய உக்காந்திருக்கற நாமதான பாக்கோணும்."

அவளைப் பற்றி யோசித்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் குரல்தான். அவள் அதிகம் பேசாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகப் பேசுவாள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பேசுவாள், அவ்வளவுதான். நடக்கப்போவது, நடந்துவிடுமோ என்பது, நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது, இதெல்லாம் அவள் வாயில் வராது. என் வாயில் அதைத் தவிர வேறு எதுவும் வராது. எங்களுக்குள் எப்படி ஒட்டியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை ஜெபாவின் விரலில் மெஷின் ஊசி இறங்கிவிட்டது. பனியன் கம்பெனியில் எப்போதாவது நடப்பதுதான், ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். லைன் முழுக்க எழுந்து அலறியது. நான் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். அவள் போய் ஜெபாவின் பக்கத்தில் குனிந்து நின்றாள். "ஊசி நகத்துக்கு அக்கட்டப் பக்கம் வந்திருக்குது. எலும்புல படல. ரத்தம் கொஞ்சந்தான். இப்ப நான் வீலக் கையால திருப்பறேன், ஊசி மேல வரும். நீ விரல அசைக்காத." ஜெபா அழுகையை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எலும்புல படலன்னு நீ சொன்னதுமே பாதி வலி போயிட்டுட்டி," என்று பிற்பாடு ஜெபா சொன்னாள்.

இன்னொரு சமயம் மடத்துக்குளத்தில் அவள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டுப் போனார்கள். தோட்டமும் கிணறும் உள்ள குடும்பம் அவளுடையது. பெண் கம்பெனிக்குப் போவதே அப்பாவுக்குப் பிடிக்காது. கபடி என்றால் சொல்லவே வேண்டாம். திங்கட்கிழமை டீ நேரத்தில் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டோம்.

"மாப்பிள்ள எப்படிட்டி?" என்றேன்.

"செருப்பு புதுசுங்க்கா."

"செருப்பையாட்டி கேட்டேன்?"

"மூஞ்சியக் காட்டுனாத்தானுங்க சொல்றதுக்கு. வந்ததுலருந்து எங்கய்யனோட கெணத்தவே எட்டி எட்டிப் பாத்துட்டு இருந்தாருங்க." கொஞ்சம் யோசித்து, "கெணத்துக்கு நல்ல மாப்பிள்ளைங்க," என்றாள். ஜெபாவுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

தோற்றுப்போன அந்தப் பொங்கலுக்குப் பிறகு அவள் எங்களை ஓடவிடுவாள், தாவவிடுவாள் என்று நினைத்து நான் முழங்காலுக்குத் தைலம் எல்லாம் வாங்கி வைத்தேன். அவள் செய்தது வேறு. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பேக்கிங் செக்ஷனுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனாள். ஒருத்தியின் கண்ணை வேஸ்ட் துணியால் கட்டிப் பெட்டிகளுக்கு நடுவே நடக்கவிடுவாள். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். கண்ணில் படுவதை மட்டும் சொல்ல வேண்டும். ஐயோ கூடாது. போச்சு கூடாது. விழுந்துருவ, மோதிருவ கூடாது. எல்லாவற்றையும்விட, "பாத்து" என்ற சொல் கூடவே கூடாது.

அதில்தான் நாங்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டோம். எங்கள் வாயில் மூச்சுக்கு மூச்சு அந்தச் சொல்தானே வரும்! பாத்துப் போ, பாத்து வா, பாத்து ஏறு, பாத்து எறங்கு. என்னைப் பெற்றவள் பஸ் ஏற்றிவிடும்போது கடைசியாகச் சொன்னதும் அதுதான். என் பிள்ளைகள் படி இறங்கும்போது நான் சொல்வதும் அதுதான்.

"அதுல என்னட்டி தப்பு? அக்கறையாத்தான சொல்லுதோம்?" என்று சண்டைக்குப் போனேன்.

"தப்பில்லீங்க்கா. பாத்துன்னா எங்க பாக்கறது? மேலயா, கீழயா? அவ திடுக்குன்னு நின்னு உங்க மூஞ்சியத்தான் பாப்பா. வலது பக்கம் பொட்டி, ஒரு மொழம்னு சொன்னீங்கன்னா, பொட்டியத் தாண்டிப் போயிருவா."

முதல் நாள் வழி சொல்ல என் முறை வந்தபோது நான் ஊமையாகிவிட்டேன். ஐயோவையும் பாத்துவையும் எடுத்துவிட்டால் எனக்குப் பேச்சே மிச்சமில்லை. ஜெபா ஒரு பெட்டியில் முட்டி, ஒரு பெட்டியைத் தள்ளி, கடைசியில் கண்கட்டை அவிழ்த்துக்கொண்டு, "இந்த அக்கா என்னக் கொல்லப் பாக்குது," என்றாள்.

சூப்பர்வைசர் ஒருநாள் அந்தப் பக்கம் வந்துவிட்டார். கண்ணைக் கட்டியபடி மினதி கைகளை வீசி நடந்துகொண்டிருந்தாள். "இதென்ன அம்மிணி, கண்ணாமூச்சியா? இது கம்பெனியா, பால்வாடியா?" என்று இடுப்பில் கை வைத்தார்.

"சார், உங்க எடது காலுக்குப் பின்னால டீ டம்ளர் இருக்குதுங்க," என்றாள் அவள்.

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன..." என்று அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். டம்ளர் உருண்டது, டீ அவர் பேண்டில். மினதி கண்கட்டோடேயே கைகொட்டிச் சிரித்தாள்.

மினதிக்கு அதுவரை ஐயோ, போச்சு தவிரத் தமிழ் தெரியாது. அந்தப் பெட்டிகளுக்கு நடுவேதான் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க இடது, வலது, முழம், சாண், முன்னால, பின்னால. மளிகைக் கடையில் போய் நின்று, "அண்ணா, மேல, வலது, ஒரு சாண், சோப்பு," என்பாள். கடைக்காரர் அப்படியே கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார். நாங்கள் நீட்டி முழக்கிக் கேட்டால்கூட அவருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

மெல்ல மெல்ல எனக்கும் வந்தது. பயந்தவள் கண்ணுக்கு நிறையத் தெரியும். செக்கிங் டேபிளில் நிற்கிறவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தெரியும். யார் எந்தக் காலை ஊன்றுகிறாள், எவள் குனிகிறாள், எவள் கை பின்னால் போகிறது என்று நான் எப்போதும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். பார்த்ததைச் சொல்லாமல் பதறியதைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பாராட்டையும் அவள் அப்படித்தான் சொல்வாள். சூப்பர், சபாஷ் எதுவும் கிடையாது. "ரூபி, நீ வலது கால முன்ன வெச்சிருந்த, அதனாலதான் அவ மாட்டுனா," என்பாள். முதலில் ரூபிக்கு முகம் சுருங்கும். "ஒரு வார்த்தை நல்லா ஆடுனன்னு சொன்னா கொறஞ்சா போயிருவா இந்தக்கா?" என்று முணுமுணுப்பாள். ஆனால் அடுத்த தடவை அந்த வலது கால் தானாக முன்னால் போகும். ஒருத்தி அவுட்டாகி வந்து உட்கார்ந்தால் முன்பெல்லாம் அடுத்த ஐந்து நிமிடம் அவளைத் திட்டித் தீர்ப்போம். இப்போது உட்கார்ந்தவள்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும்: உள்ளே என்ன பார்த்தாள், யார் களைத்திருக்கிறாள், எந்தப் பக்கம் ஆள் குறைவு. அவுட்டானவளுக்கு அழ நேரமே இருக்காது.

அடுத்த பொங்கலில் எங்களை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நாங்கள் ஒவ்வொரு சுற்றாக ஏறி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரணி வெளியிலிருந்து "விடாத, கொல்லு, அடி" என்று தொண்டை கிழியக் கத்தியது. நாங்கள் கத்தியதைக் கேட்டுக் கூட்டம் சிரித்தது. நில அளவை ஆபீஸ் மாதிரி சாண், முழம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கடைசி நேரத்தில் மினதி பாடிப் போனாள், பிடிபட்டாள், குப்புற விழுந்தாள். வெளியே நான் மட்டும்தான். வாய்வரை போச்சு வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "மினதி, வலது கை, நேரா, ஒரு சாண்," என்றேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கை மட்டும் நீண்டது. கோட்டைத் தொட்டது.

எல்லாரும் மினதியைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். முதல் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடத்தை யாரோ என் தலையில் கவிழ்த்தார்கள். அவளைக் காணோம் என்று தேடினால், களத்தின் ஓரத்தில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தின் பாதியில் ஒரு பிடியின்போது வலது முழங்கால் திரும்பியதை நான் பார்த்திருந்தேன். அப்போதும் கேட்டேன், இப்போதும் கேட்டேன்.

"வலிக்குதாட்டி?"

"வீங்கியிருக்குதுங்க்கா."

"வலிக்குதான்னு கேக்குதேன்."

"முட்டிக்குக் கீழ வரைக்கும் வீங்கியிருக்குதுங்க," என்றாள், அதே குரலில்.

அந்தக் காலோடு அவள் இரண்டு மாதம் மெஷினில் உட்கார்ந்தாள். நான் நொண்டல் எதையும் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில், அவள் தன் வலது தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பெடலின் மேல் வைப்பதைப் பார்த்தேன். ஒரு பொருளை எடுத்து வைப்பதைப் போல. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு எலும்பு டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

முட்டிக்குள் ஜவ்வு முழுசாக அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். "எப்படிம்மா இதோட நடந்தே? வலி எப்படி இருந்துச்சு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேள்வி புரியாத குழந்தை அம்மாவைப் பார்க்கிற மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலி கண்ணுக்குத் தெரியாதே. கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்றால் வலியை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

வெளியே வந்து மருந்துக் கடை வாசலில் வைத்து அவளைத் திட்டினேன். அதற்கு முன்னும் பின்னும் அவளை நான் திட்டியதில்லை. "நாங்க எல்லாரும் ஜெயிச்சுட்டோம், உன் கால் போச்சு. நல்ல சட்டம் போட்டட்டி!"

"அது களத்துக்குங்க்கா," என்றாள் மெதுவாக.

"பின்ன ஏன்ட்டி எங்கிட்டயும் அப்படியே பேசுத? நானா ஒன்னயப் புடிக்க வாரேன்?"

"பழகிருச்சுங்க்கா. வேற மாதிரி சொல்ல வரமாட்டீங்குது."

ஆபரேஷன் என்று முடிவானது. கால் சரியாக மடங்கவில்லை என்றால் ஓவர்லாக் பெடல் மிதிக்க முடியாது. மெஷின் இல்லையென்றால் பிசிறு வெட்டுகிற வேலை. அதற்கு அவள் அப்பா விடமாட்டார். ஆடியது போதும், ஊருக்கு வந்து சேர், சொன்ன இடத்தில் கழுத்தை நீட்டு என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முழங்கால் மடங்குவதில்தான் அவளுடைய மற்றதெல்லாம் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். ஆனால் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்ன ஆச்சோ என்று காத்திருப்பது எனக்கே ஆகாது, உங்களை ஏன் காக்க வைக்க வேண்டும். கால் மடங்கியது. சில மாதங்கள் கழித்துத் தாராபுரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஓவர்லாக்கிலேயே உட்கார்ந்தாள். கபடி மட்டும் இல்லை. வருஷம் ஓடிவிட்டது, எப்போதாவது போனில் பேசுவாள். எனக்கு நினைவில் நிற்பது அந்த ஆபரேஷன் நாள் காலைதான்.

அவளைப் பச்சை அங்கியில் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் மட்டும் பக்கத்தில் நின்றேன். மயக்க மருந்து கொடுத்தபின் எழாமலே போனவர்கள், காலை மாற்றி அறுத்தவர்கள், கரண்டு போன ஆஸ்பத்திரி, எல்லாரும் என் மண்டைக்குள் வரிசையில் நின்றார்கள். வாயைத் திறந்தால் கொட்டிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா," என்றாள். "உங்களுக்குப் பயம் வந்தா ஒடம்புல எங்கீங்க தெரியும்?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "என்னட்டி கேக்குத?"

"எங்க தெரியும்னு சொல்லுங்க."

யோசித்தேன். இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பயப்படாதே என்பார்கள், எதற்கெடுத்தாலும் பயம் என்று சிரிப்பார்கள். எப்படி இருக்கும் என்று கேட்டவர் இல்லை. "முதல்ல அடிவயித்துல. ஒரு மாதிரி காலியா இருக்கும். அப்புறம் நாக்கு ஒட்டிக்கிடும். கடைசீல உள்ளங்கை ஜில்லுன்னு ஆயிரும்."

அவள் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் கைக்குள் வைத்தாள். ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்த மாதிரி இருந்தது.

"இது அதுதானுங்களா?"

"அதேதான்ட்டி."

அவள் கையை எடுக்கவில்லை. "இத வெச்சுக்கிட்டே உள்ள போலாமுங்களா, அக்கா?"

"போலாம்ட்டி. நான் இத வச்சிக்கிட்டேதான் சோறு பொங்குதேன், பஸ்ஸு ஏறுதேன், ரெண்டு பிள்ள பெத்தேன். தாராளமாப் போலாம்."

அவள் சிரித்தாள். நர்ஸ் வந்து வண்டியின் தலைமாட்டைப் பிடித்தாள். சக்கரம் நகர்ந்தது.

"சிஸ்டர்," என்றாள் அவள், "எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எல்லாருக்கும் இருக்கும்மா," என்றாள் நர்ஸ். "கைய உள்ள வை. கதவு வருது."